பழைய கார் எஞ்சின்களின் சத்தமும் பழுதறிதலும்: ஏற்காட்டு மலைப்பாதையை முன்வைத்து ஒரு வரலாறு

சேர்வராயன் மலையில் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகளுள் ஒன்று மாரமங்கலம். இதுபோன்ற மலையூர் ஒன்றில் பழைய கார் எஞ்சினிலிருந்து வழக்கமில்லாத சத்தம் கிளம்பினால், முதலில் எழும் கேள்வி 'என்ன பழுது' என்பதன்று. 'இந்த வண்டியை இப்படியே சேலம்வரை ஓட்டி இறக்கலாமா' என்பதே. சிலிண்டரைப் போர் செய்வது, கிராங்க் தண்டைக் கடைவது போன்ற லேத் வேலைகளுக்குச் சமவெளிக்குத்தான் போகவேண்டும். டேப்பெட் சத்தம் என்றால் ஓட்டிக்கொண்டே இறங்கிவிடலாம். பிக் எண்ட் பேரிங் சத்தம் என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. மீறி ஓட்டினால் பேரிங்கோடு போகவேண்டிய செலவு கிராங்க் தண்டையும் சேர்த்துக்கொள்ளும். கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்து வெளியே வருவதும் உண்டு. கேட்பவர் காதுக்கு இரண்டும் வெறும் 'டக் டக்' தான்.

இந்த 'டக் டக்'குகளைப் பிரித்தறியும் திறமை பட்டறைகளில் வாய்மொழியாக வளர்ந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பகுதி எரிபொருளின் வரலாறு. கடந்த நூறாண்டுகளில் எஞ்சினுக்குள் ஊற்றப்பட்ட எரிபொருள் பலமுறை மாறியது. மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் மறைந்தது, வேறொன்று வந்தது. ஒரே சத்தம் முன்பு ஒரு பொருளும் பின்பு வேறொரு பொருளும் தந்தது. பழைய பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிய எரிபொருளில் ஓடும் எஞ்சினைக் கேட்டவர்கள் ஏமாந்தார்கள்.

மலைப்பாதை என்னும் சோதனைக்கூடம்

1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருகின, பாதைகள் வந்தன, பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. இன்று சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1515 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அதாவது சுமார் 30 கிலோமீட்டர் பயணத்தில் ஏறக்குறைய 1200 மீட்டர் ஏற்றம்.

சமவெளியில் ஒளிந்துகொள்ளும் பழுதுகள் இந்த ஏற்றத்தில் வாய் திறந்துவிடும். எஞ்சினுக்குள் உலோகம் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால், பளு மாறும் கணத்தில்தான் அது நன்றாகத் தட்டும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், கியரை இறக்குகிறார், மீண்டும் மிதிக்கிறார். அதுவரை பிஸ்டனால் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த கிராங்க், ஒரு நொடி பிஸ்டனை இழுக்கத் தொடங்கிப் பிறகு மறுபடி தள்ளப்படுகிறது. தேய்ந்த பேரிங் அந்தத் திருப்பத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்கும். 20 வளைவுகள் என்றால் 20 முறை சோதனை.

இன்னொரு வசதியும் உண்டு. சாலையின் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமும் இருப்பதால், பாறைப் பக்கச் சன்னலைத் திறந்து வைத்தால் எஞ்சின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதில் விழும். பள்ளத்தின் பக்கம் அதே சத்தம் காற்றோடு போய்விடும். ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே பானட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்க இதைவிட நல்ல ஏற்பாடு சமவெளிச் சாலையில் கிடையாது.

நாக்கிங்: கெட்டரிங் மீது விழுந்த பழி

பழைய காரில் வரும் தட்டல் சத்தங்கள் இரண்டு பெருவகை. ஒன்று, உலோகம் உலோகத்தில் மோதும் சத்தம். மற்றொன்று, சிலிண்டருக்குள் எரிபொருள் தவறாக எரிவதால் எழும் சத்தம். பின்னதை நாக்கிங் அல்லது பிங்கிங் என்பார்கள். ஏற்றத்தில், குறைந்த வேகத்தில், உயர்ந்த கியரில் வண்டி திணறும்போது தகரடப்பாவில் கோலிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் 'கிலுகிலு' என்று கேட்பது அதுவே. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் உடனே நிற்கும்.

இவ்விரண்டும் வெவ்வேறு என்பதே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1912-ஆம் ஆண்டு காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டரையும் பேட்டரி இக்னிஷனையும் அமைத்துக்கொடுத்தார். எஞ்சின்களில் தட்டல் கேட்டபோது அவருடைய இக்னிஷன்தான் காரணம் என்று குறை கூறினார்கள். 1916-இல் அவருடைய ஆய்வகத்தில் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை ஒளிக்கற்றையால் படச்சுருளில் பதிவு செய்தார். ஸ்பார்க் சரியான நேரத்தில்தான் விழுந்தது. அதன்பிறகு, எரியாமல் மிச்சமிருந்த கலவை தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொண்டதால் அழுத்தம் திடீரென உச்சத்துக்குத் தாவியது. குற்றவாளி இக்னிஷன் அன்று, எரிபொருள்.

மிட்ஜ்லியின் ஆராய்ச்சி காரில் தொடங்கவில்லை என்பது நம் ஊர் வாசகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் தரும் சிறிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் ஊற்றினால் பயங்கரமாகத் தட்டியது. அதைத் தீர்க்கத்தான் முதலில் முயன்றார்கள். மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் வெப்பத்தை வாங்கிச் சீக்கிரம் ஆவியாகும் என்று ஓர் ஊகம். சிவப்புச் சாயம் கையில் இல்லாததால் அயோடினைக் கலந்தார்கள். தட்டல் நின்றது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது பயனில்லை. நிறம் அன்று, அயோடினே வேலை செய்தது. பல்லாண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றினார்கள். அது வேறு காரணத்துக்காக, பெட்ரோலில் கலப்பதைக் கண்டுபிடிக்க. நீலமோ சிவப்போ, மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் மலையேற்றத்தில் தட்டத்தான் செய்தது. பங்கில் நிறத்தைப் பார்த்துப் பிடிபடாத கலப்படம் மலைப்பாதையின் முதல் சில வளைவுகளிலேயே காதுக்குப் பிடிபட்டுவிடும்.

1921 டிசம்பர் 9 அன்று மிட்ஜ்லி குழு டெட்ராஎத்தில் ஈயத்தைச் சோதித்தது. மிகச் சிறிய அளவே நாக்கிங்கை அடக்கியது. 1923-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்ரோலின் வணிகப் பெயரில் 'எத்தில்' இருந்தது, 'ஈயம்' இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த வேதிப்பொருளைத் தயாரித்த தொழிலாளர்களுள் 5 பேர் இறந்தனர். பலர் சித்தம் கலங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்படியிருந்தும் உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஈயப் பெட்ரோலையே எரித்தது. எஞ்சினின் ஒரு சத்தத்தை அடக்க மனிதர் கொடுத்த விலைகளுள் இதுவே மிகப் பெரியது.

கரிவாயு ஓடிய ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போரில், 1942-ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின், இந்தியாவுக்கு எண்ணெய் வரத்து சுருங்கியது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. பேருந்துகளை ஓட்ட மரக்கரியைக் கொண்டு வாயு உண்டாக்கும் கலங்களை வண்டிகளில் பொருத்தினார்கள். மதுரையின் டி. வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் தயாரித்த 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' இவற்றுள் பெயர் பெற்றது.

கரிவாயுவுக்கு நாக்கிங் எளிதில் வராது. ஆகவே அந்த 'கிலுகிலு' மறைந்தது. ஆனால் ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. வடிகட்டியைத் தாண்டி வந்த சாம்பலும் தாரும் சிலிண்டருக்குள் போய்ச் சுவரையும் ரிங்குகளையும் தேய்த்தன. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடி அடிக்கும் சத்தம், அதாவது பிஸ்டன் ஸ்லாப், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எரிதலின் சத்தம் போய்த் தேய்மானத்தின் சத்தம் வந்தது.

அம்பாசிடர் காலத்துக் காது

1942-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் அம்பாசிடரைக் கொண்டுவந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100-ஐத் தயாரித்தது. அது 1970-களில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பல பத்தாண்டுகள் கேட்டுப் பழகியவை பெரும்பாலும் இந்த மூன்று கார்களின் எஞ்சின்களும் ஜீப்பின் எஞ்சினுமே. ஒரே எஞ்சினை ஆயிரம் முறை கேட்ட காது அது. நல்ல அம்பாசிடர் எப்படி ஒலிக்கும் என்பது மனப்பாடமானதால்தான் கெட்ட அம்பாசிடரைச் சட்டென்று கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைய மெக்கானிக்குக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அம்பாசிடரின் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர், பற்றவைப்பு வரிசை 1-3-4-2. கேம் தண்டு கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 10 சுற்று, கேம் 5 சுற்று. ஆகவே ஒரு வால்வின் டேப்பெட் இடைவெளி அதிகமானால் நொடிக்கு 5 முறை மெல்லிய, கூர்மையான 'டிக் டிக்' கேட்கும். கிராங்க்கோடு சேர்ந்த பழுதுகள் பொதுவாக அதைவிட வேகமாகவும் கனமாகவும் தட்டும். பானையையும் தேங்காயையும் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய நாட்டில் இந்தத் தாளக்கணக்கைக் கற்பிக்கப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பயன்பட்ட கருவி நீளமான திருப்புளி. அதன் நுனியை வால்வு கவரிலோ பிளாக்கிலோ ஆயில் சம்பிலோ ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். திடப்பொருள் வழியே ஒலி நன்றாகக் கடத்தப்படும் என்பதே இதன் அடிப்படை. 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் உருவாக்கிய ஸ்டெதஸ்கோப் போல, சுற்றுப்புறச் சத்தத்திலிருந்து ஒரே ஒரு புள்ளியின் ஒலியைத் திருப்புளி பிரித்துத் தரும். மேலே வால்வு கவரில் கூர்மையாகக் கேட்டால் டேப்பெட் அல்லது ராக்கர். முன்பக்கம் சங்கிலி உரசினாற்போல் 'சரசர' என்றால் டைமிங் செயின். நடுவில் பிளாக்கின் பக்கவாட்டில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் ஸ்லாப். உலோகம் விரிந்து இடைவெளி குறைவதால் இப்படி ஆகிறது. கீழே சம்பின் அருகே கனமாக 'தொம் தொம்' என்று கேட்டு, ஆயில் பிரஷரும் குறைந்திருந்தால் மெயின் பேரிங்.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை பிளக் ஒயரைக் கழற்றுவது. எஞ்சின் ஓடும்போது சிலிண்டர்களின் பிளக்குகளை ஒவ்வொன்றாக வேலைசெய்யாமல் நிறுத்துவார்கள். ஒரு சிலிண்டரில் வெடிப்பு நின்றால் அதன் கனெக்டிங் ராடின் மீது விழும் பளு குறையும். அப்போது தட்டல் அடங்கினால் பழுது பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங்கில். எந்தச் சிலிண்டரை நிறுத்தியும் மாற்றமில்லை என்றால் பழுது மேலே, வால்வுப் பகுதியில் இருக்கலாம். எஞ்சினைப் பிரிக்காமல் மூன்றே நிமிடத்தில், செலவில்லாமல் கிடைக்கும் விடை இது. மாரமங்கலத்தில் நிற்கும் வண்டியை ஓட்டி இறக்குவதா, கயிறு கட்டி இறக்குவதா என்பதை முடிவு செய்ய இது போதும்.

ஏமாற்றும் சத்தங்களும் உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓட்டையானால் வரும் 'ச்சிக் ச்சிக்' டேப்பெட் போலவே இருக்கும். ஆனால் ஏற்றத்தில் கூடும், டேப்பெட் சத்தம் அப்படிக் கூடாது. தளர்ந்த ஃபேன் பெல்ட்டும் தேய்ந்த வாட்டர் பம்பும் எஞ்சினுக்குள்ளிருந்து வருவதுபோல் கத்தும். பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்கியவர்களின் கதைகள் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு.

நாக்கிங்குக்கு அக்காலத்தில் செய்த வைத்தியம் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது. இந்தியாவில் கிடைத்த குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்ப அம்பாசிடரின் அமுக்க விகிதமே 7-க்குச் சற்று மேல் என்று தாழ்வாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. அப்படியும் தட்டினால் கலப்படம், சிலிண்டர் தலையில் படிந்த கரி, அல்லது முந்திய டைமிங் என்று பொருள். கரி படிந்த எஞ்சின் சாவியை எடுத்த பின்னும் துள்ளித் துள்ளி ஓடி நிற்கும். காரணத்தைப் பாராமல் டைமிங்கை மட்டும் பின்தள்ளினால் சத்தம் அடங்கும். வண்டி இழுக்காது, பாதி மலையில் ரேடியேட்டர் கொதிக்கும். பேரிங் சத்தத்துக்கும் இப்படியொரு பொய் வைத்தியம் இருந்தது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் தேய்ந்த இடைவெளியில் அது மெத்தைபோல் நின்று தட்டலை மறைக்கும். பழைய கார் வாங்குபவர், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின் தாமே ஸ்டார்ட் செய்து கேட்கவேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம்.

1980-ஐ ஒட்டி டீசல் அம்பாசிடர் வந்தபோது பெட்ரோல் எஞ்சினுக்குப் பழகிய காது குழம்பியது. டீசல் எஞ்சினில் தட்டல் இயல்பு. தெளிக்கப்பட்ட டீசல் சிறிது தாமதித்து ஒரேயடியாகப் பற்றுவதால் எழுவது அது. சேர்வராயன் மலையின் பாக்சைட்டை மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கிய லாரிகளின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று.

ஈயம் போனபின் வந்த அமைதி

இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் அறிமுகமானது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்கள் நலனுக்கு இது மிகத் தேவையான மாற்றம். இதில் இரண்டு கருத்து இருக்க இடமில்லை. ஆனால் பழைய எஞ்சினில் ஈயம் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. வார்ப்பிரும்புத் தலையில் நேரடியாகக் கடையப்பட்ட எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளின் மீது அது மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் இருக்கையும் ஒட்டித் தேயாமல் காத்தது. படலம் போனதும், நீண்டநேரம் கடும் பளுவில் ஓடும் எஞ்சின்களில் இருக்கை தேய்ந்து வால்வு மேல்நோக்கி உள்வாங்கத் தொடங்கியது.

இங்கே காதின் பழைய பாடம் தலைகீழானது. வால்வு உள்வாங்கினால் டேப்பெட் இடைவெளி கூடாது, குறையும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளி சிறுகச் சிறுகச் சுருங்கி மறையும். டேப்பெட் சத்தம் தேய்ந்துகொண்டே போகும். வண்டிக்காரர் 'எஞ்சின் பட்டுப்போல ஓடுகிறது' என்று மகிழ்வார். இடைவெளி முற்றும் போனதும் வால்வு முழுமையாக மூடாது. சுடுவாயு அதன் விளிம்பு வழியே கசிந்து வால்வைக் கருக்கும். கொஞ்சம் சத்தமிடும் டேப்பெட்டே நல்ல டேப்பெட் என்று மூத்த மெக்கானிக்குகள் விட்டுவைத்ததன் காரணம் புரியும். மலையில் அன்றாடம் ஏறி இறங்கும் கார்களுக்கு ஃபில்லர் கேஜை வைத்து இடைவெளியை அடிக்கடி அளப்பதும், அடுத்தமுறை தலையைக் கழற்றும்போது கடினமான இருக்கை வளையங்களைப் பதிப்பதும் தீர்வாயின.

புதிய கார்கள் இதற்குள் வேறு பாதையில் போய்விட்டன. பிளாக்கில் திருகப்பட்ட நாக் சென்சார் என்னும் சிறு அழுத்தமின் படிகம், நாக்கிங் எழுப்பும் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வை உணர்ந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி தானாகவே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. திருப்புளி பிடித்த காது செய்த வேலைதான். ஒரு வேறுபாடு: பட்டறை இரைச்சலில் பல்லாண்டு இருந்த மனிதக் காது முதலில் இழப்பது இத்தகைய உயர்ந்த ஒலிகளைத்தான். கனமான 'தொம் தொம்' நன்றாகக் கேட்கும் மேஸ்திரிக்கு 'கிலுகிலு' கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பையனுக்குக் கேட்கும்.

எத்தனாலும் உயரமும்

அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு அடுத்த மாற்றம் 2023 பிப்ரவரியில் வந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கி, 2025-க்குள் அதுவே பொதுப் பெட்ரோலாகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் உயர்வானது. 7-க்குச் சற்று மேலான அமுக்க விகிதம் கொண்ட எஞ்சின் இந்தப் பெட்ரோலில் நாக்கிங் செய்வது அரிது. ஆகவே இன்று பழைய அம்பாசிடர் ஏற்றத்தில் 'டக் டக்' என்றால் பெட்ரோலைக் குறைசொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, திருப்புளியை எடுத்து உலோகப் பழுதைத்தான் முதலில் தேடவேண்டும்.

இதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சத்தம் கார்புரேட்டரின் இருமல். எத்தனாலில் ஆக்சிஜன் சேர்ந்திருப்பதால், பழைய ஜெட் வழியே போகும் கலவை கணக்குப்படி ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. மெலிந்த கலவை மெதுவாக எரியும். இன்டேக் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருந்தால் தீ பின்னோக்கிப் பாய்ந்து கார்புரேட்டரில் 'பட்' என்று வெடிக்கும். இதை வால்வுப் பழுது என்று நினைத்துத் தலையைக் கழற்றினால் பணம் வீண். பெட்ரோல் பம்பின் பழைய ரப்பர் டயாஃபிரமும் குழாய்களும் எத்தனாலால் கெட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்குவதும்தான் செய்யவேண்டியவை.

மலையில் இது இன்னொரு வேடிக்கையைச் செய்கிறது. ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் 14 விழுக்காடு குறைவு. காற்று மெலிவதால் கார்புரேட்டர் தரும் கலவை உயரத்தில் தானாகவே சுமார் 6 விழுக்காடு செறிவாகும். முன்பெல்லாம் இதனால் ஏற்காட்டில் வண்டிகள் கரும்புகை கக்கின, பிளக்கில் கரி படிந்தது. எத்தனால் பெட்ரோலில் இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன. காலையில் சேலத்தில் சோக்கை இழுத்தும் இருமிக்கொண்டிருந்த அம்பாசிடர், மலைக்கு மேலே ஒழுங்காக ஓடுவதற்கு இதுவே காரணம். அங்கே 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிட்டால் அடிவாரத்தில் மறுபடி இருமும். கார்புரேட்டரைச் சமவெளியில் வைத்தே சரிசெய்யவேண்டும்.